நீங்கள் குதிக்காத ஆறு

இன்று காலையில் பக்கத்துப் போர்ஷன் குழந்தைக்குச் சளி என்று நீலகிரித் தைலம் தேய்த்திருக்கிறார்கள். வாடை சுவரைத் தாண்டி என் அடுப்படிக்கு வந்துவிட்டது. காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். மற்றவர்களுக்கு அந்த வாடையில் மழைக்காலம் ஞாபகம் வரும், காய்ச்சலில் படுத்த நாள் ஞாபகம் வரும். எனக்கு நீங்கள்தான் வருகிறீர்கள். நான்காக மடித்த வெள்ளைக் கைக்குட்டையில் இரண்டு சொட்டுத் தைலம் விட்டு, அதை மூக்கில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதுநகர் ரயிலடியிலிருந்து சனிக்கிழமைதோறும் என் வீட்டுக்கு நடந்து வருவீர்களே, அந்தக் கோலம்.

நீங்கள் போய் ஆறு வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் உங்களுக்கு ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. நோட்டீஸ், மனு, பத்திரம் என்று ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்த வக்கீல் குமாஸ்தா நீங்கள். கல்யாணமான புதிதில் நான் எழுதிய கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பியவர். இதைத் திருத்த உங்களால் முடியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நமக்குக் கல்யாணம் ஆனது அறுபதுகளின் தொடக்கத்தில். நானும் சிதம்பரத்துக்காரிதான். நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் கோயில் இருந்தது, அவ்வளவுதான் தூரம். மேல வீதியை ஒட்டிய சந்தில் உங்கள் வீடு. அந்தச் சந்தில் ஒரு பெண் நடந்து போனால் அவள் தலையில் எத்தனை முழம் பூ என்று எல்லா ஜன்னலுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் ஒரு ஜன்னலாவது 'எங்கம்மா போற?' என்று வாய்விட்டுக் கேட்காது. அவள் தெருமுனை திரும்பிய பிறகு பேசிக்கொள்ளும். அதற்குப் பெயர் மரியாதை என்று உங்கள் அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் எனக்குக் கடலூரில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை வந்தது. "கொஞ்ச நாள் போகட்டும், ஒரு கொழந்த பொறந்தா தானா நின்னுடுவா" என்று கூடத்தில் நீங்கள் உங்கள் அம்மாவிடம் சொன்னது அடுப்படியில் இருந்த எனக்கும் கேட்டது. குழந்தை பிறக்கவில்லை. வேலையும் நிற்கவில்லை.

முதலில் மஞ்சக்குப்பத்தில், கோர்ட்டுப் பக்கம், பென்ஷன் வாங்கும் ஒரு அதிகாரி வீட்டு மாடியறையைப் பார்த்துக் கொடுத்தீர்கள். "டீசன்டான ஏரியா" என்றீர்கள். அகலமான சாலை, தூங்குமூஞ்சி மரங்கள், ஆறு மணிக்கு மேல் பூட்டிவிடும் கேட்டு. அங்கே இருந்த இரண்டு மாதத்தில் வீட்டுக்கார அம்மாள் என்னிடம் கேட்டது இரண்டே கேள்வி: "டியூட்டி எப்ப முடியும்?", "வீட்டுக்காரர் எப்ப வருவார்?" அந்த அமைதியைத்தான் நீங்கள் கௌரவம் என்று நினைத்தீர்கள். எனக்குக் காது அடைத்துக்கொண்டது போல இருந்தது.

என் வேலையோ ஓ.டி.யில், அதாவது துறைமுகம் இருந்த பழைய ஊரான முதுநகரில். கூட வேலை பார்த்தவள் ஒரு நாள் டியூட்டி முடிந்ததும் என்னை உப்பனாற்றங்கரைத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே கதீஜா பீவியின் வீட்டு மாடி காலியாக இருந்தது. அவர் புருஷன் மலாயாவில் கடை வைத்திருந்தார், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கப்பலில் வருவார். கதீஜா பீவி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டெலிபோன்ல வேல பாக்குற புள்ளயா? அப்ப ஆத்தப் பாத்த ரூம எடுத்துக்க. நாளெல்லாம் காதுலயே கேட்டுக்கிட்டு இருப்ப. வூட்டுக்கு வந்தா கண்ணால நாலு ஜனத்தப் பாக்கணுமில்ல" என்றார்.

உங்களைக் கேட்காமலே அன்றைக்கே சரி என்று சொல்லிவிட்டேன். நீங்கள் மூன்று பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினீர்கள். 'மீன் வாடை' என்ற சொல் அதில் எட்டு இடத்தில் இருந்தது.

அந்த ஜன்னலைப் பற்றி உங்களிடம் எத்தனையோ தடவை சொல்லப் பார்த்தேன், நீங்கள் காது கொடுக்கவில்லை. இப்போது கேட்டுத்தான் ஆக வேண்டும். விடிந்ததும் அக்கரையிலிருந்து படகுகள் வரும். பள்ளிவாசல் பாங்கும், மாதா கோயில் மணியும், அம்மன் கோயில் ஒலிபெருக்கியும் ஒன்றை ஒன்று முந்தப் பார்க்கும். பிறகு ஏலம் ஆரம்பிக்கும். அந்தச் சத்தத்தில் யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சண்டை, யாருக்குப் பேரன் பிறந்திருக்கிறான் எல்லாம் தெரிந்துவிடும். கப்பல் ஒன்று நடுக்கடலில் வந்து நின்றுவிட்டால் தெருவுக்கே தேர்த்திருவிழாதான். மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு படகுகள் வரிசையாகப் போகும். மூட்டை தூக்குகிறவர்கள் ஓட்டைச் சாக்கிலிருந்து உதிர்ந்த மல்லாட்டையைக் கொறித்தபடி என் ஜன்னலைப் பார்த்து, "டெலிபோன்மா, கப்பல்காரனுக்கு ஒரு போனப் போட்டு நாளைக்கும் நிக்கச் சொல்லு" என்று கத்துவார்கள். கடைத்தெருவில் நான் வாய் திறந்தால் போதும், "அட, நம்ம நம்பர் ப்ளீஸ்!" என்று வியாபாரிகள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அதுவரை என் குரலை யாரும் அடையாளம் கண்டதில்லை.

தேவனாம்பட்டினத்திலிருந்து கூடை சுமந்து வரும் அஞ்சலைக்கு நான் மீன் சாப்பிடாதவள் என்று தெரியும். ஆனாலும் தினமும் என் ஜன்னலுக்குக் கீழே நின்று, "இன்னிக்கு சங்கரா நல்லாருக்குது. நீதான் துன்ன மாட்ட, பாக்கவாச்சும் பாரு" என்று மூடியைத் திறந்து காட்டிவிட்டுப் போவாள். சைவக் குடும்பத்துப் பெண் நான், மீனின் கண் பளபளப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்பேன்.

நீங்கள் வரும்போது கையில் பித்தளைக் கூஜா இருக்கும். அதில் சிதம்பரத்துக் கிணற்றுத் தண்ணீர். சனி சாயங்காலம் முதல் ஞாயிறு சாயங்காலம் வரை அதைத்தான் அளந்து குடிப்பீர்கள். கதீஜா பீவி ஒரு நாள் என்னைத் தனியே கூப்பிட்டு, "என்னாம்மா இது, உங்க வூட்டுக்காரரு தண்ணியக்கூட ரயில்ல கொண்டாறாரு? மலாயா போன எங்க ஆளே அந்த ஊரு தண்ணியத்தான் குடிக்கிறாரு" என்றார். நான் சிரித்தேன். உங்கள் மனைவியாக அப்போது வெட்கப்பட்டிருக்க வேண்டும். வெட்கம் வரவில்லை, உங்கள் மேல் இளப்பம்தான் வந்தது. அன்று ஆரம்பித்தது அது.

ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்து, "இது ஒரு ஊரா? சந்தக்கடை" என்பீர்கள்.

"ஆமாங்க, சந்தக்கடைதான். எனக்குப் புடிச்சிருக்குது."

"உனக்குப் பேச்சே மாறிடுச்சு. 'புடிச்சிருக்குது'ன்னு கூடைக்காரி மாதிரி."

அதுவும் எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்லவில்லை.

மூன்றாவது வருஷம் ஐப்பசி மாதம். நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் வெறித்தது. சனிக்கிழமைக்குக் காத்திருக்காமல் வியாழக்கிழமையே வந்து நின்றீர்கள். கைக்குட்டை, கூஜா, குடை, இந்தத் தடவை கூடவே ஒரு உறை. அதிலிருந்து டைப் அடித்த ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தீர்கள். நான் வேலையை ராஜினாமா செய்வதாக அதில் இருந்தது. குடும்பச் சூழ்நிலை காரணமாம். வக்கீல் ஆபீஸ் இங்கிலீஷ், ஒரு புள்ளி குறையவில்லை.

"இதுல ஒரு கையெழுத்துப் போடு. மத்தியானப் பாசஞ்சர்ல கெளம்பிடலாம்."

"யாரோட சூழ்நிலைங்க இது?"

"அம்மாவுக்கு முடியல."

"போன வாரம் அம்மா தனியா நடந்தே கோயிலுக்குப் போயிட்டு வந்தாங்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

"சந்துல என்ன பேசறாங்க தெரியுமா? துலுக்கன் வீட்டு மாடியில, மீன்காரன் தெருவுல பொண்டாட்டிய வச்சிருக்கான்னு பேசறாங்க" என்றீர்கள்.

"பேசட்டுங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"நீ போடலன்னா என்ன? உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

சொன்னவர் பேனாவைத் திறந்து, என் கண் முன்னாலேயே, என் பெயரை என் எழுத்திலேயே போட்டீர்கள். கடைசி எழுத்தில் நான் இழுக்கும் சுழி கூட அப்படியே வந்திருந்தது. பழகிய கை என்று பார்த்தவுடனே தெரிந்தது. எத்தனை நாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தீர்களோ. தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சூப்பர்வைசர் கையிலயே குடுத்துட்டு வரேன்" என்று இறங்கிப் போய்விட்டீர்கள்.

நான் செருப்புக்கூடப் போடாமல் பின்னாலேயே ஓடி வந்தேன். மழைக்குத் தெருவில் முழங்கால் தண்ணீர். வேட்டி நனையக் கூடாதென்று நீங்கள் மேடாக இருந்த படித்துறை ஓரமாகப் போனீர்கள். எதிரே அஞ்சலை கூடையோடு வந்தாள். கூடையிலிருந்து மீன் கழுவிய தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அது மேலே பட்டுவிடும் என்று கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி ஒதுங்கினீர்கள். ஒதுங்கிய படி பாசி பிடித்த படி. அடுத்த நொடி உங்கள் குடை மட்டும்தான் கரையில் இருந்தது.

மழை வெள்ளத்தில் ஆறு கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. நான் கத்தினேனா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கத்தியது அஞ்சலைதான். "சவரி! சார் வுழுந்துட்டாருடா!" என்று கூடையைப் போட்டுவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றாள். அக்கரைக்கு ஆள் ஏற்றும் படகோட்டி சவரிமுத்து படகிலிருந்தே குதித்தான். இரண்டு தடவை முழுகி எழுந்தான். மூன்றாவது தடவை உங்கள் சட்டைக் காலர் அவன் கையில் இருந்தது. அஞ்சலை உங்கள் தலைமயிரைப் பிடித்து இழுத்துப் படியில் போட்டாள். அவள் கூடை மீனெல்லாம் ஆற்றோடு போய்விட்டது.

உங்களை வலைமேல் குப்புறப் போட்டு முதுகில் அழுத்தினார்கள். குடித்த தண்ணீரெல்லாம் வந்தது. கதீஜா பீவி வீட்டுக் கீழ்க்கூடத்தில் கிடத்தி, அவர் புருஷனுடைய கைலியையும் சட்டையையும் உங்களுக்கு மாட்டிவிட்டார்கள். அவர் வீட்டுத் தண்ணீரில் கொதித்த இஞ்சி டீயை இரண்டு டம்ளர் குடித்தீர்கள். மூன்றாவது நீங்களாகவே கேட்டீர்கள். வாசலில் தெருவே நின்றுகொண்டிருந்தது. கண்ணைத் திறந்து நீங்கள் பேசிய முதல் வார்த்தை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"என் கொடை எங்க?"

சவரிமுத்து ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தான். அவனைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னீர்களா? குடை உடைந்திருக்கிறதா என்று விரித்துப் பார்த்தீர்கள்.

உங்கள் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளைக் கதீஜா பீவி பதனமாக உரித்தெடுத்தார். மை கரைந்து நீலமாகப் பரவியிருந்தது. "முக்கியமான காயிதமா? அடுப்பாண்ட வச்சிக் காயப்போடவா?" என்று என்னைக் கேட்டார்.

"அடுப்புலயே போடுக்கா" என்றேன்.

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

மார்கழியில் ஆருத்ரா தரிசனத்துக்கு நான் சிதம்பரம் வந்தேன். வாசலிலேயே உங்கள் பெரிய அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏண்டி, எங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னியா? வெள்ளத்துல குதிச்சு ஒரு படகுக்காரனக் காப்பாத்தினாராமே உன் வீட்டுக்காரர்!" என்றார்கள். கூடம் முழுக்க உறவுக்காரர்கள். நீங்கள் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் பார்வை என் மேல் நின்றது. அப்படி ஒரு கெஞ்சலை உங்கள் முகத்தில் நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஆற்றில் மூழ்கும்போதுகூட நீங்கள் அவ்வளவு பயந்திருக்க மாட்டீர்கள்.

எனக்கு அப்போது சிரிப்புத்தான் வந்தது. உங்களைத் தூக்கிப்போட்ட ஆளையே நீங்கள் தூக்கியதாக்கிவிட்டீர்கள். இதைச் சொல்ல உங்களுக்கு நாக்கு கூசவில்லையா?

"ஆமாங்க அண்ணி. குதிச்சாரு" என்றேன்.

உள்ளறைக்குப் பின்னாலேயே வந்தீர்கள். நான் உங்களைப் பேச விடவில்லை. "இனிமே வேலைய வுடுன்னு ஒரு வார்த்த வரக் கூடாது. எங்கிட்ட மட்டும் இல்ல, அம்மாகிட்டயும் சொல்லிடுங்க" என்றேன்.

"சரி" என்றீர்கள். அவ்வளவுதான். முப்பத்தைந்து வருஷம் நான் வேலை பார்த்ததும், சூப்பர்வைசராக ஓய்வு பெற்றதும், இந்த ஜன்னலோரத்தில் கிழவியானதும் அந்த ஒரு 'சரி'யால்தான். நீங்கள் எனக்குக் கொடுத்ததிலேயே உருப்படியானது உங்கள் பொய் ஒன்றுதான். அதை நான் கைநீட்டி வாங்கிக்கொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அறுபதுகள் முடிவதற்குள் உங்கள் அம்மா போய்ச் சேர்ந்தார்கள். அண்ணன்மார் பாகம் பிரித்தார்கள். ஊருக்கே பத்திரம் எழுதிய உங்களுக்குக் கிணற்றடியும், காற்று வராத ஓர் அறையும் வந்தன. ஒரு மாதம் பொறுத்தீர்கள். பிறகு டிரங்குப் பெட்டியோடு ஓ.டி.க்கு வந்து சேர்ந்தீர்கள். அன்று கையில் கூஜா இல்லை. 'ஏன் வந்தீர்கள்' என்று நான் கேட்கவில்லை. தினமும் இங்கிருந்து பாசஞ்சர் பிடித்துச் சிதம்பரத்துக்கு வேலைக்குப் போய்வந்தீர்கள்.

இத்தோடு நின்றிருந்தால் உங்களைக் கொஞ்சமாவது பொறுத்திருப்பேன். சில மாதம் கழித்துச் சிதம்பரத்திலிருந்து உங்கள் வக்கீலின் மைத்துனர் ஒருவர் வந்தார். முனை டீக்கடைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். டியூட்டி முடிந்து திரும்பி வந்துகொண்டிருந்த நான் கடை ஓரம் நின்றேன். நீங்கள் ஆற்றைப் பார்த்துக் கையை வீசி, "ஆத்தங்கரை வாழ்க்கைக்கு ஈடு உண்டா சார்? ராத்திரி பகல்னு இல்லாம ஜனம், காத்து, படகு, பேச்சு. சிதம்பரத்துல என்ன இருக்கு? ஜன்னலச் சாத்திக்கிட்டுப் புழுங்கணும். நான்தான் இவளுக்கு இந்த எடத்தப் பாத்துக் குடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

என் வார்த்தைகள். வருஷக்கணக்காக உங்களிடம் சொல்லி நீங்கள் சந்தக்கடை என்று தள்ளிய என் வார்த்தைகள், ஒன்றுகூட விடாமல்.

அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். வந்தது. "இதோ இந்தப் படித்துறைலதான் சார், ஒரு தடவ வெள்ளத்துல..." என்று ஆரம்பித்தீர்கள். பக்கத்து பெஞ்சில் சவரிமுத்து உட்கார்ந்திருந்ததை நீங்கள் பார்க்கவே இல்லை. கதை பாதியில் இருக்கும்போதுதான் பார்த்தீர்கள். உங்கள் வாய் நின்றுவிட்டது. மைத்துனர் அவனைப் பார்த்து, "என்னப்பா, நீ இந்தத் தெருதானா? அப்ப உனக்குத் தெரியுமே" என்று கேட்டார்.

சவரிமுத்து டீயை ஒரு வாய் குடித்தான். "தெரியும் சார். சார்தான் குதிச்சாரு. தண்ணி ரொம்ப ஜாஸ்தி அன்னிக்கி" என்றான். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படகுக்குப் போய்விட்டான்.

நான் படித்துறைக்கு அவன் பின்னாலேயே போனேன்.

"ஏன் சவரிமுத்து, நீ ஏம்ப்பா அப்படிச் சொன்ன? நீயில்ல அந்தாள வெள்ளத்துலேருந்து தூக்கிக் கரையேத்தின?"

அவன் சிரித்தான். "வுடும்மா. அவுரு மேல வந்துட்டாரு இல்ல? யாரு யார இழுத்தாங்கன்னு ஆத்துக்கு என்னா தெரியப்போவுது. இன்னொருவாட்டி வுழுந்தாருன்னா இன்னொரு கத சொல்லுவாரு, கேட்டுக்கலாம்" என்றான். அதற்குள் அக்கரைக்குப் போக ஆள் வந்துவிட்டது. கயிற்றை அவிழ்த்துவிட்டான்.

அதற்குப் பிறகும் நீங்கள் இந்தத் தெருவில் நாற்பத்து சொச்சம் வருஷம் இருந்தீர்கள். அஞ்சலை உங்களை "என்னா சார், சொகமா?" என்று தினமும் கேட்டாள். நோன்பு நாளில் கதீஜா பீவி உங்களுக்கென்று தனிச் சட்டியில் கறி போடாத கஞ்சி காய்ச்சி அனுப்பினார். நீங்கள் பத்திரம் எழுதிக் கொடுத்தீர்கள், அவர்களுடைய ரேஷன் மனுவை எழுதிக் கொடுத்தீர்கள், திண்டாட்டம் என்று வந்தவர்களை உட்காரவைத்துப் பேசினீர்கள். அதையெல்லாம் நான் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்தேன். பார்த்தும் என் மனம் இளகவில்லை. ஒரு தடவையாவது, ஒரே ஒரு தடவையாவது, சவரிமுத்துவிடம் போய் 'நீதாம்ப்பா என்னைத் தூக்கின' என்று சொல்வீர்களா என்று காத்திருந்தேன். அவன் செத்த அன்றும் மாலையோடு போய்வந்தீர்கள். சொல்லவில்லை.

நீங்கள் போன அன்று உங்கள் அண்ணன் மகன் இந்தக் கூடத்தில் உட்கார்ந்து, "சித்தப்பா ஒரு காலத்துல வெள்ளத்துல குதிச்சு" என்று ஆரம்பித்தான். சவரிமுத்துவின் மகள் இருந்தாள், அஞ்சலையின் மருமகள் இருந்தாள், கதீஜா பீவியின் பேத்தி இருந்தாள். அத்தனை பேருக்கும் நடந்தது தெரியும். ஒருத்தி முகமும் மாறவில்லை. சவரிமுத்துவின் மகள் எழுந்து போய் அவனுக்குக் காப்பி போட்டுக்கொண்டுவந்து கொடுத்தாள். நான் மட்டும்தான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். உதடு கோணிக்கொண்டு போனதை மறைக்கத் திரும்பினேன்.

அந்தக் கோணலை நான் இந்தக் கரையில் கற்றுக்கொள்ளவில்லை. சிதம்பரத்திலிருந்து கொண்டுவந்தது. நீங்கள் இந்த ஊரைப் பார்த்த அதே கண்ணால்தான் நான் உங்களைப் பார்த்து வந்திருக்கிறேன் என்பது இப்போது எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது. இந்தத் தெரு அன்று டீக்கடை பெஞ்சிலேயே உங்களைப் போகட்டும் என்று விட்டுவிட்டது. எனக்கு விடத் தெரியவில்லை. இந்த வயதுக்கு மேல் தெரிந்துகொள்வேன் என்றும் தோன்றவில்லை.

கடிதம் முழுக்க உங்களை 'நீங்கள்' என்றே எழுதியிருக்கிறேன், கவனித்திருப்பீர்கள். மரியாதை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கரையில் என் மனசுக்கு வேண்டிய யாரையும் நான் 'நீ' என்று கூப்பிடாமல் இருந்ததில்லை.